கொசுறாகக் கேட்ட பிரிவு

பழைய ஷூ விற்கிறவனை நம்பி ஒரு மனிதனின் இரண்டு வருடத்தை ஒப்படைக்கக் கூடாது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மாவே மார்க்கெட்டில் கிடையாது. அந்தப் பழைய ஷூ விற்கிறவன் நான்தான்.

என் பெயர் கினோட்டி. வெள்ளைக்கார நாடுகளில் யாரோ போட்டுக் கழித்த ஷூக்கள் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கும். அவற்றைப் பொறுக்கி, துடைத்து, ஜோடி சேர்த்து விற்கிறேன். என் வலது பக்கம் முத்தேயு. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே தக்காளியும் வெங்காயமும் திணித்து, மிளகாய்த்தூள் தூவி விற்பாள். மூத்த மகள் பெயர் மும்புவா என்பதால் மார்க்கெட்டே அவளை மும்புவாம்மா என்றுதான் கூப்பிடும். இடது பக்கம் ஒடுவோல். குடை, ஜிப், டார்ச் லைட் எல்லாம் ரிப்பேர் செய்வான். அவன் வாயை ரிப்பேர் செய்யத்தான் ஆள் இல்லை.

முத்தேயுவின் கணவன் முசெம்பி கைவண்டி இழுக்கிறவன். உருளைக்கிழங்கு லாரிகள் விடியும்போது வந்து சேரும். அதற்கு முன்பே போய் முனையில் நின்றால்தான் சுமை கிடைக்கும். நிற்பதுதான் அவன் தொழில். எங்கள் நகரத்தில் நிற்பதுதான் குற்றமும்.

நகரக் குற்றச் சட்டத் தொகுப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் எழுதியது. அதில் நாற்பத்தெட்டாம் பிரிவு இப்படி ஆரம்பிக்கும்: 'பொது இடத்தில் நிற்கும் எவரும், தாம் அங்கே இருப்பதற்குத் திருப்தியான காரணம் சொல்லத் தவறினால்...' யாருக்குத் திருப்தி என்று எழுதவில்லை. எழுதிய காலத்தில் அது வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கு. கழுத்தில் அடையாளத் தகடு தொங்கவிடாத கறுப்பு ஆள் ஊருக்குள் வராமல் இருக்கத்தான் அந்தப் பிரிவு. தகடு போயிற்று, இன்ஸ்பெக்டர் கப்பல் ஏறினான். பிரிவு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது திருப்திப்படுத்த வேண்டியது நகர சபைக் காவலனான அஸ்காரியை. பச்சைக் கோட்டும் கையில் தடியுமாக லாரியில் வந்து இறங்குவான். அவனுக்குக் காலையில் திருப்தி ஏற்படுவது ரொம்பச் சிரமம்.

பிடிபட்டால் என்ன செய்வது என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நகர கோர்ட்டில் முப்பது நாற்பது பேரை வரிசையாக நிறுத்துவார்கள். பெயரைக் கூப்பிட்டதும் 'ஆமா, தப்புதான்' என்று சொல்லிவிட வேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைக்குத் திரும்பிவிடலாம். 'நான் தப்பு செய்யல' என்று வீரம் பேசினால் வாய்தா. வாய்தா என்றால் ரிமாண்ட். ரிமாண்ட் என்றால் கடை போயிற்று. ஆகவே இந்த ஊரில் உண்மை பேசுவதற்கு வசதியானவர்களால்தான் முடியும். முசெம்பி இரண்டு தடவை 'ஆமா, தப்புதான்' சொல்லியிருந்தான்.

நாற்பத்தெட்டுக்கு இரண்டாவது பத்தி ஒன்று இருப்பதை நாங்கள் யாரும் படித்ததில்லை. மூன்றாம் முறை குற்றம் உறுதியானால் அந்த ஆள் 'தொழில்முறை ஊர்சுற்றி'. இரண்டு வருடம் ஜெயில். அபராதம் கட்டித் தப்பிக்க வழி கிடையாது.

மூன்றாம் முறை முசெம்பி வாயைத் திறந்து 'ஆமா' என்று சொல்லும்போதே மாஜிஸ்திரேட் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். நல்ல மனுஷன்.

“யோவ், வாயை மூடு. என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா? ரெண்டு வருஷம்யா.”

“எல்லாரும் சொல்றதைத்தான் சொன்னேங்கய்யா,” என்றான் முசெம்பி.

“தப்பு செய்யலன்னு நானே எழுதிக்கிறேன். இந்தச் சட்டம் எழுபது எண்பது வருஷப் பழசு. சபை இதைத் திருத்தப் போறதாப் பேப்பர்ல போட்டிருக்கான். அவங்க என்ன முடிவு பண்றாங்கன்னு பார்த்துட்டு இந்த வழக்கை எடுக்கிறேன். பிரிவு போயிட்டா வழக்கும் போச்சு. வீட்டுக்குப் போகலாம்.”

அதுவரை ரிமாண்ட். ஜாமீன் தொகை முத்தேயு முட்டை விற்றுக் கட்டக்கூடியதாக இல்லை.

அந்த வருடம் நகர சபைக்குத் திடீரென்று வெட்கம் வந்திருந்தது உண்மைதான். எங்கள் நகரத்தில் காலை எட்டு மணிக்கு மேல் கம்பளம் தட்டினால் குற்றம், தெருவில் பட்டம் விட்டால் குற்றம், டாக்சியை விசிலடித்துக் கூப்பிட்டால் குற்றம் என்று ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் எழுதிச் சிரித்துவிட்டான். ஜனங்கள் அடிபட்டபோது வராத வெட்கம் அடுத்தவன் சிரித்தபோது வந்தது. சீர்திருத்தக் குழு ஒன்று போட்டார்கள். தலைவி மாண்புமிகு நசிமியு. ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்காமல் சட்டத்தைத் தொடக் கூடாது என்று நாட்டுச் சட்டம் சொல்வதால், எங்கள் பேட்டை சமூகக் கூடத்தில் ஒரு நாள் குறித்தார்கள். வருகிறவர்களுக்குச் சோடாவும் சப்பாத்தியும் உண்டு.

வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் பேச என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், நான் ஒரு தடவை இரண்டு இடதுகால் ஷூவை ஜோடி என்று விற்றிருக்கிறேன். வாங்கியவர் பாதிரியார் வேறு.

நான் துணி மூட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்தவன். நடக்க ஆரம்பிப்பதற்குள் பேரம் பேசுவது எப்படி என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துவிட்டது. வேண்டிய பொருளைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கிற பத்துப் பொருளைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதற்கெல்லாம் மூச்சுமுட்டப் பேரம் பேசிவிட்டு, கடைசியில் வேண்டியதைக் காலால் தள்ளி, 'இந்தக் கந்தலையும் கொசுறாப் போடு' என்று சொல்ல வேண்டும். விற்கிறவனுக்கு உன் ஆசை தெரிந்த நிமிஷமே விலை ஏறிவிடும். இப்படித்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. அதனால் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

எனக்கு வேண்டியது நாற்பத்தெட்டு. ஆகவே மனுவில் பன்னிரண்டு பிரிவுகளை எழுதினேன். பட்டம், கம்பளம், விசில், தெருவில் கரும்பு கடிப்பது, மணி கட்டாத கழுதை, கூவி விற்பது, தூண்களில் துணி காயப்போடுவது. பதினொன்றாவது என்ன என்பது எனக்கே மறந்துவிட்டது. பன்னிரண்டாவதாக, தாளின் அடியில், சின்னதாக நாற்பத்தெட்டு.

கூட்டத்துக்கு முந்தின நாள் முத்தேயு முட்டைக் கூடையை மூடிவிட்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, நானும் எந்திரிச்சுப் பேசட்டுமா? அவர் இல்லாம நாலு பிள்ளைகளோட படற பாட்டைச் சொல்றேன். அந்தம்மாவும் பொம்பளதானே.”

“பேசவே பேசாத, மும்புவாம்மா.”

“ஏன்?”

“நீ அழுதேன்னு வை, நமக்கு எது வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும். அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'சரி, இதைத் தர்றோம், மத்த பதினொண்ணையும் விடு'ம்பாங்க. இல்லன்னா இதைத் தராமலே இழுத்தடிப்பாங்க.”

“மத்த பதினொண்ணு போனா எனக்கென்ன அண்ணே?”

ஒடுவோல் குடைக் கம்பியைக் கடித்தபடி சொன்னான்: “நியாயமான கேள்வி. வக்கீலய்யா, பதில் சொல்லுங்க.”

“நீ உன் குடையைப் பாருடா. மும்புவாம்மா, என்னை நம்பு. நீ மூணாவது வரிசைல உக்காரு. என்ன நடந்தாலும் முகத்துல காட்டாத. நான் கை காட்டினா மட்டும்தான் எந்திரிக்கணும்.”

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். “நீங்க சொன்னா சரிதான்,” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு அப்போது நன்றாக இருந்தது.

சமூகக் கூடத்தில் முன்னூறு பேர். வாசலில் ஒரு ரிஜிஸ்டர் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டால் சோடா. மேடையில் நசிமியு, பக்கத்தில் எழுத்தர், இன்னும் நான்கு உறுப்பினர்கள். நான்கு பேரில் இரண்டு பேர் சப்பாத்தியைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தூங்கினார். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்காரர்கள் சார்பில் கழுத்துப்பட்டி கட்டிய வக்கீல் ஒருவர் வந்திருந்தார்.

அவர் முதலில் எழுந்தார். எல்லாச் சட்டத்தையும் எடுத்துவிட்டால் நகரத்தில் ஒழுங்கு எப்படி நிற்கும், கடை வாசலில் எவன் வேண்டுமானாலும் வந்து நின்றால் வாடிக்கையாளர் எப்படி வருவார், ஏதாவது ஒரு பிடி வேண்டாமா என்றெல்லாம் கேட்டார். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. அவருக்கும் யாரோ பேரம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்து நான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்று பிரமாதமாகப் பேசினேன். பட்டத்துக்கே கால் மணி நேரம். “தலைவரம்மா, பட்டம் விடற பிள்ளையை ஜெயில்ல போட்டா, பறவையை எங்க போடுவீங்க?” என்றேன். கூடம் அதிர்ந்தது. கம்பளத்தைத் தட்டிக் காட்டினேன். கழுதைக்கு மணி கட்டாத குற்றத்துக்குக் கழுதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். தூங்கிய உறுப்பினர்கூட எழுந்து கை தட்டினார். நசிமியு சிரித்தாள்.

“கினோட்டி, உங்க வீட்ல என்ன வியாபாரம்?”

“அம்மா மூட்டைத் துணி வித்தாங்க, தலைவரம்மா.”

“அதான் பார்த்தேன். எங்கம்மா ஏரிக் கருவாடு வித்தாங்க. எனக்கும் இந்தப் பேச்செல்லாம் பழக்கம்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். “பன்னெண்டு கேக்கறீங்க. பன்னெண்டையும் தூக்கிக்கிட்டு நான் சபைக்குப் போனா பெரிய தெருக்காரங்க என்னை உப்பு போட்டுக் காய வச்சுடுவாங்க. என்கிட்ட ஒரு பிடி மிச்சம் வைங்க. எதை விட முடியும், சொல்லுங்க.”

இதுதான் அந்த இடம். கந்தலைக் காலால் தள்ள வேண்டிய இடம். நான் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை.

“எதையும் விட முடியாதுங்க. இந்தப் பதினொண்ணும் எங்க உயிர். அந்தக் கடைசில இருக்கே, நாற்பத்தெட்டு, அது ஏதோ கிழட்டுப் பிரிவு. அதைப் பத்திப் பேசக்கூட ஒண்ணுமில்ல. அதைக் கொசுறாச் சேர்த்துக் குடுத்துட்டீங்கன்னா மனு முழுசாயிடும், வேலையும் முடிஞ்சுடும்.”

நசிமியு தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடிக் கடை வக்கீலைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

“பேச ஒண்ணுமில்லாத பிரிவுன்னா அதையே விட்டுட்டுப் போங்களேன். உங்க உயிர் பதினொண்ணும் உங்களுக்கு. அந்தக் கொசுறு எனக்கு. ரெண்டு பேருக்கும் திருப்தி.”

கூடம் முழுக்கக் கைதட்டல். எங்கள் ஆட்கள்தான் தட்டினார்கள். பன்னிரண்டில் பதினொன்று என்றால் யார்தான் தட்டமாட்டார்கள்?

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். 'தலைவரம்மா, பொய் சொல்லிட்டேன், எனக்கு அது மட்டும்தான் வேணும், மூணாவது வரிசைல அந்தப் பொம்பள உக்காந்திருக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாக ஆசையைக் காட்டாமல் பழகிய முகம், அவசரத்துக்கு மாற மறுத்துவிட்டது.

பேரத்தில் இன்னொரு வழி இருக்கிறது. பொருளைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டுவது. நாலடி, ஐந்தடி, அதிகம் போனால் ஏழடி. அதற்குள் விற்கிறவன் பின்னால் கூப்பிடுவான். கூப்பிடாத கடையை நான் பார்த்ததில்லை.

“அப்ப வேணாம் தலைவரம்மா. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க,” என்று தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

மூன்றாவது வரிசையைக் கடக்கும்போது முத்தேயு பாதி எழுந்துவிட்டாள். உதடு பிரிந்திருந்தது. நான் இடுப்புக்குக் கீழே கையை அசைத்து, உட்காரு என்று காட்டினேன். அவள் உட்கார்ந்தாள்.

ஏழடி ஆயிற்று. பத்தடி ஆயிற்று. கதவு வந்துவிட்டது. பின்னாலிருந்து நசிமியுவின் குரல் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை.

“எழுத்தர், எழுதிக்குங்க. பதினோரு பிரிவு நீக்கம். நாற்பத்தெட்டு நீடிக்கும். சங்கப் பிரதிநிதி கூட்டத்தை விட்டு வெளியேறிட்டார், அதனால ஆட்சேபணை இல்லை. அடுத்தது குப்பை வண்டி.”

சபை என்பது கடை இல்லை, நசிமியுவுக்கு என்னிடம் விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை என்பது அந்தக் கதவருகே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே சோடா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். கூவி விற்கலாம்! கரும்பு கடிக்கலாம்! தக்காளிக்காரி ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். ஒடுவோல் மட்டும் சிரிக்காமல் நின்றான். முத்தேயு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நாற்பத்தெட்டு என்னாச்சு அண்ணே? நான் சரியாக் கேட்கலையோ?”

“இன்னும் முடியல, மும்புவாம்மா. இது குழுதான். முழு சபை ஓட்டுப் போடணும். அதுக்குள்ள பார்த்துக்கலாம்.”

“நான் கேட்டது சரிதானே? அது இருக்குன்னு தானே சொன்னாங்க?”

“இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா இன்னும் முடியல.”

“நான் எந்திரிச்சேன். நீங்க உக்காரச் சொன்னீங்க.”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நசிமியுவின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். கையில் மனு இருந்ததால் அஸ்காரி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனதும் முதல் தடவையாகப் பேரமே இல்லாமல், முசெம்பி, இரண்டாம் பத்தி, மாஜிஸ்திரேட், நான்கு பிள்ளைகள் என்று வரிசையாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஜெயில்ல ஆள் இருக்காரா?”

“ரிமாண்ட்ல இருக்காருங்க. மூணாவது மாசம்.”

“அவர் சம்சாரம் நேத்து கூடத்துல இருந்தாங்களா?”

“மூணாவது வரிசைல.”

“என்னய்யா மனுஷன் நீ!” மரியாதை போய்விட்டது. “கழுதைக்கு அரை மணி நேரம் பேசினியே! அந்தப் பொம்பளையை எந்திரிக்க வச்சிருந்தா, எந்தக் கண்ணாடிக் கடைக்காரன் அவ முன்னாடி நின்னு எதிர்த்துப் பேசியிருப்பான்? அதை முதல்ல குடுத்திருப்பேன். பட்டத்தை வச்சுக்கிட்டிருப்பேன். பட்டம் விட்டு எவன் ஜெயிலுக்குப் போனான்?”

“இப்பவாவது குடுங்கம்மா. பதினொண்ணையும் திருப்பி எடுத்துக்குங்க.”

“அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. பெரிய தெருக்காரங்ககிட்ட நாற்பத்தெட்டு இருக்கும்னு வாக்கு குடுத்தாச்சு. அதனாலதான் அவங்க பதினொண்ணுக்கும் சம்மதிச்சாங்க. இப்ப நான் மாத்தினா மொத்தமும் கவிழும். வேணும்னா வேற உறுப்பினர் யாராவது வியாழக்கிழமை முழு சபை ஓட்டுப் போடறப்ப திருத்தம் கொண்டு வரட்டும். நான் எதிர்க்க மாட்டேன்.”

கொடுத்திருப்பேன் என்று அவள் சொன்னது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விற்று முடிந்த பிறகு எல்லா வியாபாரியும், நீ கேட்டிருந்தால் குறைத்துக் கொடுத்திருப்பேன் என்றுதான் சொல்வான். நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் கண்ணில் ஈரம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. இந்த முறை முத்தேயுவையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழு உறுப்பினர்களைப் பார்த்தோம். அவள் பேசினாள், நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரே காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். ரிஜிஸ்டரில் முன்னூறு கையெழுத்து. 'மக்கள் கருத்து: நாற்பத்தெட்டாம் பிரிவு குறித்து எவரும் ஆட்சேபிக்கவில்லை.' ஒருவர் கையெழுத்துகளை விரலால் தடவி முத்தேயுவின் பெயரையும் கண்டுபிடித்தார்.

“இது நீங்கதானேம்மா?”

“நான்தான்.”

“அன்னைக்குப் பேசியிருக்கலாமே.”

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “தெரியலைங்கய்யா,” என்று மட்டும் சொன்னாள்.

சீர்திருத்தம் கைதட்டலோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன்கூடப் பாராட்டி எழுதினானாம். புதுத் தொகுப்புக்கு நீல அட்டை. கனமும் குறைவு.

வழக்கு எடுத்த அன்று கோர்ட்டில் நானும் ஒடுவோலும் முத்தேயுவும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முசெம்பியைக் கொண்டுவந்தார்கள். வண்டி இழுத்து இறுகியிருந்த தோள் இரண்டும் சட்டைக்குள் தொங்கிப் போயிருந்தன. மனைவியைப் பார்த்ததும் சிரித்தான். பிரிவு போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். ரிமாண்டில் யாரோ அவனிடம் சட்டம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மாறியதும் உண்மைதான்.

மாஜிஸ்திரேட் நீல அட்டையைப் புரட்டி நெடுநேரம் பார்த்தார்.

“முசெம்பி, உனக்கு நல்லது செய்யறதா நினைச்சுத்தான் காத்திருந்தேன். பழைய புத்தகம் இருந்தப்ப, இது செத்த சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இந்த நாட்டுல யாரும் ஏத்துக்கலன்னு எழுதி உன்னை விட்டிருக்கலாம். மேல்கோர்ட்ல திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். இப்ப என்னால அப்படி எழுத முடியாது. போன மாசம் நம்ம ஜனங்க தேர்ந்தெடுத்த சபை, நம்ம ஜனங்களைக் கேட்டு, இந்தப் பிரிவை எடுத்துப் பார்த்து, இருக்கட்டும்னு சொல்லியிருக்கு. இப்ப இது நம்ம சட்டம். புதுச் சட்டம்.”

“ஐயா, நான் லாரிக்காகத்தான் நின்னேன்,” என்றான் முசெம்பி.

“தெரியும்யா. அஸ்காரிக்குத் திருப்தி இல்லன்னு சாட்சி சொல்லியிருக்கான். சட்டம் அவன் திருப்தியைத்தான் கேக்குது.”

இரண்டு வருடம். ரிமாண்டில் இருந்த மாதங்களைக் கழித்துக்கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவன், “ஆமா, தப்புதான்” என்றான்.

கோர்ட்டின் பின் கேட்டுக்கு ஓடினோம். ஜெயில் லாரி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு முகங்கள். முத்தேயு முட்டைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். காவலாளி வாங்க மறுத்துவிட்டான். உள்ளேயிருந்து முசெம்பி கத்தினான்.

“ஏய், கைவண்டி முலாண்டி வீட்டுல இருக்கு! பின் சக்கரத்துல காத்து நிக்காது! அவன்கிட்டயே விட்டுடாத, வாடகைக்கு விடு!”

“சரி!”

“மும்புவாவுக்கு என்ன சொல்லப் போற?”

“நீ சொல்லு, என்ன சொல்லணும்னு!”

லாரி நகர்ந்துவிட்டது. அவன் என்னவோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் எங்கள் மூவருக்கும் கேட்கவில்லை. ஒடுவோல் கொஞ்ச தூரம் லாரியோடு ஓடினான், பிறகு நின்றுவிட்டான்.

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல்கோர்ட் இருக்கிறது, சங்கத்தில் வசூல் செய்து வக்கீல் பிடிக்கலாம், நசிமியுவிடம் மறுபடி போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அண்ணே, எனக்காக இனிமே நீங்க யார்கிட்டயும் பேச வேணாம்.”

“மும்புவாம்மா, நான்...”

“வேணாம். நீங்க கெட்டவர்னு சொல்லல. பேச வேணாம்னுதான் சொல்றேன்.”

மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி, கேட்டில் வாங்க மறுத்த முட்டைகளை அங்கேயே விற்க உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் என் வலது பக்கம் இடம் காலியாக இருந்தது. கூடையை மார்க்கெட்டின் அந்தக் கோடிக்கு, தகர ஷெட்டுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டுவிட்டாள். அங்கே வெயில் நேராக அடிக்கும், ஆள் நடமாட்டமும் குறைவு. மூன்றாம் நாள் ஒரு மக்காச்சோளக்காரி வந்து, அந்த இடம் காலியா, யாரிடம் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். ஒடுவோல்தான் அவளுக்குப் பதில் சொன்னான்.